பொன்முலாம் பூசிய பிரெஞ்சு வெண்கலச் சிலைகள்: புளி போடும் முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: பாரிஸ் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். பூர்வீகம் காரைக்கால். எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை போட்ட பழம்பொருள் சந்தையில் ஒரு ஜோடி வெண்கலச் சிலைகள் வாங்கினேன். ஒரு பெண் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாள். ஒரு பையன் உட்கார்ந்து பலகையில் எழுதுகிறான். ஒவ்வொன்றும் சுமார் ஒரு சாண் உயரம், கையில் எடுத்தால் நல்ல கனம். நிறம் தங்கம், ஆனால் துணி மடிப்புகளில் கறுப்பு ஏறியிருக்கிறது. இரண்டின் அடியிலும் திருகு ஓட்டை இருக்கிறது. படங்களும் அனுப்பியிருக்கிறேன். பெண்ணின் அடிப்பக்கத்தில் கிரீடம் வைத்த 'சி' (C) எழுத்து ஒன்று குத்தியிருக்கிறது. "இது ராஜ முத்திரை, 16-ஆம் லூயி காலத்தது" என்று விற்றவர் சொன்னார். உண்மையா? குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாமா? தெரிந்த நகைக்கடைக்காரர் புதிதாகத் தங்க முலாம் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். விற்றால் விலை போகுமா?

பதில்: புளி வேண்டாம். எலுமிச்சை, விபூதி, பித்தளைப் பவுடர், கடையில் விற்கும் மெட்டல் பாலிஷ் எதுவும் வேண்டாம். மற்ற கேள்விகளுக்கு மெதுவாகப் பதில் தேடலாம். இதில் அவசரப்பட்டால் சிலையின் உயிரே போய்விடும் என்பதால்தான் முதலில் சொல்கிறேன்.

குத்துவிளக்கில் மேலிருந்து கீழ்வரை பித்தளைதான். தேய்த்தால் கறுத்த தோல் போய் அடியில் புதுப் பித்தளை பளிச்சென்று வரும். உங்கள் சிலையில் மேலே இருப்பது தங்கம், சில மைக்ரான் கனம்தான். தங்கம் கறுக்காது. நீங்கள் பார்க்கும் கறுப்பு, தூசியும் மெழுகுவத்திப் புகையும் யாரோ எப்போதோ பூசிய மெழுகும் சேர்ந்தது. கொஞ்சம், தங்கத்தின் நுண்துளைகள் வழியாக அடியிலுள்ள செம்பு வெளியே வந்து உப்பாகப் படிந்ததாகவும் இருக்கும். புளியின் அமிலம் அதே துளைகள் வழியாக உள்ளே போய்ச் செம்பை அரிக்கும். பவுடரோ மூக்கு நுனி, முழங்கால், தோள் என்று மேடான இடங்களில் தங்கத்தையே எடுத்துவிடும். முதல் தடவை பளபளப்பாகத்தான் தெரியும். அந்தப் பளபளப்பு பித்தளையினுடையது. ஆறே மாதத்தில் அந்த இடம் மட்டும் பழுப்பாகிவிடும். அப்புறம் அதைப் பழையபடி கொண்டுவர வழியில்லை.

இந்தத் தங்கம் எப்படி ஏறியது என்பது தெரிந்தால், வயதைக் கணிப்பதும் துடைப்பதும் இரண்டுமே எளிது. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஒரு சிலை பல கைகள் மாறித்தான் முடியும். சிற்பி மெழுகிலோ களிமண்ணிலோ மாதிரி செய்வார். வார்ப்பவர் அதை உலோகத்தில் எடுப்பார். வெண்கலம் என்று சொன்னாலும் பெரும்பாலும் அது செம்பும் துத்தநாகமும் கலந்து, கொஞ்சம் தகரமும் ஈயமும் சேர்ந்த கலவை. பிறகு செதுக்குக் கலைஞர் சிற்றுளிகளையும் குத்தூசிகளையும் வைத்துக்கொண்டு உட்காருவார். வார்ப்பில் மழுங்கிப்போன தலைமயிர், கண்ணிமை, துணியின் நெசவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மீட்டெடுப்பது அவர் வேலை. ஒரு நல்ல சிலையின் செலவில் பெரும்பங்கு இங்கேதான் போயிற்று.

அதன்பின் முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். அமிலத்தால் சுத்தம் செய்த உலோகத்தின்மேல் அந்தக் கலவையைத் தூரிகையால் தடவி, கரி நெருப்பின்மேல் காட்டுவார்கள். பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகிப் போகும். தங்கம் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வேண்டிய கனம் வரும்வரை திரும்பத் திரும்ப இதையே செய்வார்கள். நெருப்பிலிருந்து வரும்போது தங்கம் பளபளப்பாக இருக்காது, மங்கலாகத்தான் இருக்கும். எந்த இடம் மின்ன வேண்டுமோ அங்கே மட்டும் அகேட் கல்லையோ இரும்புத்தாதுக் கல்லையோ அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவார்கள். சதை மங்கல், ஆடையின் விளிம்பு மின்னல். இந்த வேறுபாட்டில்தான் நியோகிளாசிக்கல், அதாவது பழைய கிரேக்க, ரோமானியக் கலையைத் தழுவிய பாணி வெண்கலத்தின் அழகு முழுவதும் இருக்கிறது என்பது என் கருத்து. இந்த மங்கல் முலாமைத் தனிக் கலையாக வளர்த்த பெருமையைப் பியேர் கூத்தியேருக்குக் கொடுப்பார்கள். 1732-இல் பிறந்தவர், 15-ஆம் லூயியின் காதலி மதாம் து பாரிக்கும் 16-ஆம் லூயியின் ராணி மரி அந்துவானெத்துக்கும் வேலை செய்தவர். பிரபுக்களிடமிருந்து வர வேண்டிய பணம் வராமல் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே திவாலாகி, 1813-இல் வறுமையில் இறந்தார்.

முலாமிட்ட தொழிலாளிகளின் கதி அதைவிட மோசம். பாதரச ஆவியைச் சுவாசித்துக் கை நடுங்கி, பல் விழுந்து, சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். வெண்கலப் பட்டறை நடத்திப் பேர் வாங்கிய அந்துவான்-அந்த்ரே ராவ்ரியோ இதைக் கண்ணெதிரே பார்த்தவர். 1814-இல் அவர் இறந்தபோது, தொழிலாளிகளைப் பாதரசத்திலிருந்து காப்பாற்றும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். ஆவியைப் புகைபோக்கி வழியாக மேலே இழுத்துக்கொள்ளும் உலையை வடிவமைத்த வேதியியலாளர் தார்சே அந்தப் பரிசை வென்றார். பழைய பொன்முலாம் வெண்கலத்தைத் துடைக்கும்போது, அந்தத் தோல் எவ்வளவு விலை கொடுத்து வந்தது என்பது மனதில் இருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் கைக்கு இப்போது ஆபத்து ஏதுமில்லை. ஆனால் இந்தச் சிலைகளைச் சூடாக்கக் கூடாது. ஆடும் பகுதியை யாராவது நெருப்பு வைத்துப் பற்றவைத்துத் தருகிறேன் என்றால் விடாதீர்கள். தங்கத்தில் இன்னும் தங்கியிருக்கும் பாதரசம் வெளியே வரும், நிறமும் கெட்டுப்போகும்.

சரி, வயதுக்கு வருவோம். விற்றவர் காட்டிய கிரீட 'சி'யை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் உங்களை நம்பவைத்திருக்கிறது. அது ராஜ முத்திரை அல்ல, வரி முத்திரை. செம்பு கலந்த உலோகப் பொருள்களுக்கு 15-ஆம் லூயி காலத்தில் வரி போட்டார்கள். வரி கட்டிய பொருளில் கிரீடம் வைத்த 'சி' குத்தினார்கள். 1745-இல் தொடங்கி 1749-இல் அது நின்றுவிட்டது. அது சிப்பியும் சுருளும் வளைந்தோடும் ரொக்கோக்கோ காலம். உங்கள் சிலைகளோ கிரேக்க ஆடையும் நேரான மூக்கும் நிதானமான அமர்வும் கொண்ட நியோகிளாசிக்கல் பாணி. எரிமலையில் புதைந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியமும் பொம்பேயும் தோண்டியெடுக்கப்பட்டு, பழைய ரோமாபுரி பாரிஸின் ரசனைக்குள் வந்து, இந்தப் பாணி நிலைபெற 1760-கள் ஆயின. வரி நின்று பல வருடம் கழித்துப் பிறந்த பாணியில் அந்த வரி முத்திரை இருக்க வழியில்லை. பிற்காலத்தில் யாரோ விலை கூட்டுவதற்காகக் குத்தியது. ஜோடியில் ஒன்றில் மட்டும் இருப்பதும் அதைத்தான் சொல்கிறது.

இதைக் கேட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். முத்திரை பொய் என்பதால் சிலையும் பொய் ஆகிவிடாது. அதேபோல், கலைஞரின் பெயர் எங்கும் இல்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். பாரிஸில் மரச்சாமான் செய்தவர்கள் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தியாக வேண்டும் என்று விதி இருந்தது. வெண்கலக்காரர்களுக்கு அது இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த வெண்கலங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பெயரும் இருக்காது. தொமீர் போன்ற வெண்கலக் கலைஞர்களின் பெயர் அடிக்கடி கண்ணில் படுவது நெப்போலியன் காலத்தில்தான்.

உங்கள் சிலைகளின் வடிவம் எனக்குப் பழக்கமானது, இந்தத் துறையில் இருக்கும் எவருக்கும் பழக்கமானது. படிக்கும் பெண்ணும் எழுதும் பையனும் 'படிப்பு', 'தத்துவம்' என்ற பெயரில் ஜோடியாக வருவார்கள். வடிவம் லூயி-சிமோன் பொய்சோவினுடையது என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். 1773 முதல் செவ்ர் பீங்கான் ஆலையின் சிற்பப் பிரிவை நடத்தியவர் அவர். வெண்கலத்தில் இவற்றைச் செய்தவர்களில் முக்கியமானவர் பிரான்சுவா ரெமோன். கணப்படுப்பின் மேல் வைக்கும் கடிகாரங்களில், முகப்புக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக இவர்களை உட்கார வைப்பார்கள். நீங்கள் சொன்ன திருகு ஓட்டைக்குக் காரணம் அதுதான். தனியாக வைக்கச் செய்த சிலைக்கு அடியில் முடிவான ஒரு பீடம் இருக்கும். உங்களுடையவை ஒரு பளிங்குத் தளத்தில் திருகியிருந்த கடிகாரத்திலிருந்து கழற்றப்பட்டவை. இரண்டு முதுகுகளும் உள்பக்கம் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் பாருங்கள். நடுவே கடிகாரம் இருந்திருக்கிறது.

ஆனால் இந்த ஜோடி மக்களுக்கு மிகவும் பிடித்துப்போய், 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வார்க்கப்பட்டது. மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி மகாராணிக்கு மரி அந்துவானெத்மேல் பெரிய ஈடுபாடு. 1850-களுக்குப் பிறகு பாரிஸ் பணக்கார வீடுகளெல்லாம் 16-ஆம் லூயி பாணிக்குத் திரும்பின. பொர்தெலே, தாசோன் போன்ற பட்டறைகள் பழைய மாதிரிகளை அசலுக்குச் சற்றும் குறையாத தரத்தில் செய்தன. ஆக உங்கள் கேள்வியின் மையம் இதுதான்: வார்த்தது 1785-ஐ ஒட்டியா, 1870-ஐ ஒட்டியா?

அதைச் சொல்லும் சாட்சிகள் அடியிலும் முதுகிலும் உள்ளேயும்தான் இருக்கின்றன. முகத்தை எல்லோரும் கவனமாகச் செய்வார்கள். யாரும் பார்க்காத இடத்தில்தான் காலம் தெரியும். நீங்கள் அனுப்பிய படங்களில் பையனைக் கவிழ்த்து, டார்ச் அடித்து எடுத்த படம்தான் எனக்கு மிகவும் உதவியது. உள்ளே உலோகம் பழுப்பாக, முலாமில்லாமல் இருக்கிறது. விளிம்பை ஒட்டி மட்டும் ஆரஞ்சும் மஞ்சளுமான கறைகள் தாறுமாறாக வழிந்து நிற்கின்றன, ஓரிடத்தில் ஒரு சொட்டு ஓடி உறைந்த கோடே தெரிகிறது. தூரிகையால் தடவிய பாதரசக் கலவை உள்ளே வழிந்து, நெருப்பில் காய்ந்த தடம் அது. மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் மின்முலாமில் இப்படி வராது. தொட்டியில் முக்கியெடுப்பதால் அங்கே நிறம் ஒரே சீராகப் படரும். ஆகவே உங்கள் சிலைகளில் இருப்பது பாதரச முலாம். நல்ல செய்திதான்.

இந்த இடத்தில் பலர் அவசரப்படுவார்கள். பாதரச முலாம் என்றாலே 1830-க்கு முன்னால் என்று சொல்லும் விற்பனையாளர்கள் நிறைய. அது தவறு. மின்முலாம் 1840-களில் பிரான்சுக்கு வந்து மலிவான வேலையைப் பிடித்துக்கொண்டது உண்மை. உயர்தரப் பட்டறைகள் அந்த நூற்றாண்டின் கடைசி வரையிலும் பாதரச முறையை விடவில்லை.

அடுத்து திருகு. 18-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு திருகின் இழையையும் தனித்தனியாகக் கையால் வெட்டினார்கள். இழைகளின் இடைவெளி கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், ஒரு திருகு அடுத்த ஓட்டையில் சரியாக ஏறாது. எது எதனுடையது என்று தெரிய ஓட்டையின் பக்கத்திலும் பாகத்திலும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று குத்தி வைப்பார்கள். உங்கள் பையனின் அடியில் நிற்கும் தண்டின் இழை ஒரே சீராக இருக்கிறது, நட்டும் ஆறு பட்டை நட்டு. இயந்திரத்தில் செய்தது. திருகை யாரும் பிற்பாடு மாற்றியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பெண்ணின் அடியிலும் இதே அளவு, இதே நட்டு. ஓட்டை அருகே குறிப்புள்ளி எதுவும் இல்லை.

கடைசியாகச் செதுக்கு வேலை. நகைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பணம் வீணாகாது. பெண்ணின் காதுக்குப் பின்னால் மயிர் கொண்டைக்குள் போகும் இடத்தைப் பாருங்கள். முன்நெற்றியில் ஒவ்வொரு இழையும் கூராகத் தனித்து நிற்கிறது. காதைத் தாண்டியதும் இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மொத்தையாகிவிடுகின்றன. உளி அங்கே போகவில்லை. வார்ப்பில் வந்தது அப்படியே நிற்கிறது. நல்ல 18-ஆம் நூற்றாண்டு வேலையில் கடிகாரத்தை ஒட்டி மறைந்துபோகும் பக்கத்தில்கூட உளி ஓரளவாவது ஓடியிருக்கும். மற்றபடி முகம், விரல்கள், புத்தகத்தின் பக்க விளிம்பு எல்லாம் நேர்த்தியான வேலை, மட்டமான நகல் அல்ல.

இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். வார்த்த உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும். ஒரு பழைய சிலையையே அச்சாக வைத்து எடுத்த நகல் அந்த அளவு சின்னதாகிவிடும், கோடுகளும் மழுங்கும். அருங்காட்சியகங்கள் தங்கள் இணையப் பட்டியலில் சிலைகளின் அளவைக் கொடுப்பதுண்டு. அதே வடிவத்துக்கு அளவு கிடைத்தால், ஸ்கேல் வைத்துத் தலை உச்சியிலிருந்து உட்காரும் இடம் வரை அளந்து ஒப்பிடுங்கள். முடிந்தால் லூவ்ரில் 18-ஆம் நூற்றாண்டு அலங்காரப் பொருள்கள் வைத்திருக்கும் அறைகளுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். பத்து நல்ல சிலைகளைப் பக்கத்திலிருந்து பார்த்த கண்ணுக்குப் பதினோராவது தானாகவே விளங்கும்.

எல்லாம் சேர்த்துப் பார்க்கையில், 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பாரிஸின் ஒரு நல்ல பட்டறையில் வார்த்து, பாதரச முலாம் போட்ட ஜோடி என்பதே என் முடிவு. படத்தைப் பார்த்துச் சொல்வது. கையில் எடுத்துப் பார்ப்பவர் சொல்வதற்கே எடை அதிகம்.

இதே மாதிரி சந்தையில் வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொன்னிறத்தில் இருக்கும் சிலைகளில் நிறைய, வெண்கலமே அல்ல. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பொன்னிறம் ஏற்றியவை. பிரெஞ்சில் 'ரெகுல்' என்பார்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலுமே ஒட்டாது. அடியில் மறைவான ஒரு கீறலையோ தேய்ந்த முனையையோ தேடுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் வெண்கலம். சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகம். விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் கணீரென்று இழுத்து ஒலிக்கும், மற்றது கட்டையாக அடங்கிவிடும்.

கடையிலோ ஏலத்திலோ வாங்கும்போது ரசீதில் எழுதும் வார்த்தையைக் கவனியுங்கள். பிரான்சில் 1981 மார்ச் 3 தேதியிட்ட ஆணை ஒன்று இதை வரையறுக்கிறது. 'எபோக் லூயி செஸ்' (16-ஆம் லூயி காலம்) என்று எழுதிக்கொடுத்தால் அந்தக் காலத்திலேயே செய்தது என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார். 'ஸ்தீல் லூயி செஸ்' (16-ஆம் லூயி பாணி) என்றால் காலத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, நேற்று வார்த்ததாகவும் இருக்கலாம். 'தாப்ரே பொய்சோ' (பொய்சோவைப் பின்பற்றி) என்றாலும் அப்படித்தான். வாயால் எத்தனை கதை சொன்னாலும், அந்த ஒரு வார்த்தையை எழுதித் தர மறுத்தால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

இப்போது துடைப்பது எப்படி என்று பார்ப்போம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் வியர்வையின் உப்பும் உலோகத்துக்கு ஆகாது. மேசையில் தடித்த துண்டை விரித்து, சிலையை அதன்மேல் வையுங்கள். முதலில் மென்மையான ஓவியத் தூரிகையால் உலர்ந்த தூசியை மடிப்புகளிலிருந்து வெளியே தள்ளுங்கள். பல வீடுகளில் இதோடு நிறுத்தினாலே போதும். போதவில்லை என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் வாசனையில்லாத மிதமான சோப்பு சில சொட்டுகள் விட்டு, பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்துப் பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி எடுத்துக்கொள்ளுங்கள். தேய்க்காமல் மெல்ல உருட்டுங்கள். பஞ்சு சாம்பல் நிறமானதும் புதுப் பஞ்சு. பிறகு வெறும் நீரில் நனைத்த பஞ்சு, அதன்பின் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றியெடுப்பது. பஞ்சில் பழுப்பு மஞ்சள் ஏறினால் அந்த இடத்தில் யாரோ பொன்னிற வார்னிஷோ பெயின்டோ பூசியிருக்கிறார்கள்; பச்சை வந்தால் செம்பு அரிக்கிறது. இரண்டிலும் உடனே நிறுத்திவிட்டு உலோகச் சீரமைப்பாளரிடம் காட்டுங்கள். சிலையைத் தண்ணீரில் முக்காதீர்கள்; உள்ளே தேங்கி இரும்புத் தண்டு துருப்பிடிக்கும். அம்மோனியா கலந்த திரவங்கள் வேகமாகச் சுத்தம் செய்வதாகச் சொல்வார்கள், அவை செம்பைக் கரைப்பவை. மடிப்பின் ஆழத்தில் கொஞ்சம் கறுப்பு நின்றால் நிற்கட்டும். அந்த நிழல்தான் உருவத்தை எடுத்துக்காட்டுகிறது. முழுக்கச் சுரண்டிய சிலை தட்டையாகத் தெரியும்.

நகைக்கடைக்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர் செய்யப்போவது மின்முலாம். அதற்கு முன்னால் உலோகத்தை உரித்து மெருகேற்ற வேண்டியிருக்கும். இருக்கிற பாதரச முலாமும் செதுக்கின் நுண்மையும் அதில் போய்விடும். முடிந்து வரும்போது மங்கலும் மின்னலும் ஒன்றாகி, உச்சி முதல் பாதம் வரை ஒரே மஞ்சள். தேய்ந்த பழைய முலாமுக்கு இருக்கும் விலை இதற்கு இருக்காது.

விற்பதாக இருந்தால் இரண்டையும் பிரிக்காதீர்கள். ஜோடியாக இருக்கும்வரைதான் அவற்றுக்கு அர்த்தமும் விலையும். சிலை தொலைந்த கடிகாரம் வைத்திருப்பவர்களும் தேடிக்கொண்டிருப்பார்கள். துரூவோ ஏல மாளிகையிலும், பொதுவாக ஏலக்காரர்களிடமும் மதிப்பீடு இலவசம். இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள், அந்தக் கிரீட 'சி'யைப் பற்றி நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அரண்மனை விலை வராது, ஆனால் நல்ல 19-ஆம் நூற்றாண்டு வெண்கலத்துக்கு வாங்குபவர்கள் எப்போதும் உண்டு. விலை 5,000 யூரோவைத் தாண்டினால் பழம்பொருள் விற்பனைக்கான வரி உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். எடுத்துப்போகும்போது பெண்ணின் கையையோ பையனின் எழுதுபலகையையோ பிடித்துத் தூக்காதீர்கள். அவை தனியாக வார்த்துச் சேர்த்தவை. இடுப்புக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து, அமிலமில்லாத தாளில் தனித்தனியாகச் சுற்றி, ஒன்றோடொன்று உரசாதபடி பெட்டியில் வையுங்கள்.